தொண்ணூறு ஃபிரேம்

வீடியோ கேமில் முப்பது ஃபிரேமுக்கும் அறுபது ஃபிரேமுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்பவர்களிடம் நான் கோபப்படுவதில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி கண் அமைவதில்லை. திரையில் விநாடிக்கு முப்பது படம் ஓடினால் அசைவு லேசாகத் திக்கும். அறுபது ஓடினால் வழுக்கிக்கொண்டு போகும். தெரிகிறவனுக்குத் தெரியும். தெரியாதவனிடம் மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது? நான் பொதுவாகவே சண்டைக்காரன் இல்லை, சார்.

இதை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டேன். உங்கள் ஏட்டையா நல்லவர்தான். ஆனால் நேற்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுதியதை வாங்கிப் பார்த்தேன். கன்சோல் என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் என்று போட்டிருந்தார். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இந்த வழக்கே நிற்கிறது.

போன மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பெனியின் தகடு அடிக்கிற நான்காம் நம்பர் பிரஸ்ஸில் சிக்கி எலக்ட்ரீஷியன் ஜெயராஜ் இறந்துபோனான். பிரஸ் ஓட்டும் துளசிராமன் கைதவறிப் பட்டனை அழுத்திவிட்டார் என்று கம்பெனி அறிக்கை கொடுத்தது. நீங்களும் அவரைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். அந்த அறிக்கை தப்பு. எப்படித் தப்பு என்று சொல்லத்தான் வந்தேன். என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லாதபோது நானாகவே வந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் வரதன். வயது இருபத்தொன்பது. சொந்த ஊர் பொன்னேரியை ஒட்டிய ஆரணி. பட்டுச்சேலை ஆரணி இல்லை. ஏழு ஏக்கர் நஞ்சை இருக்கிறது, அப்பா இன்னும் நெல்தான் போடுகிறார். நான் டிப்ளமா முடித்துவிட்டு எட்டு வருடமாக இந்த பிரஸ் ஷாப்பில் குவாலிட்டியில் இருக்கிறேன். இரும்புத் தகட்டை அடித்து வண்டிக்கு வேண்டிய பாகங்கள் செய்கிற இடம் அது. மெஷினில் அடித்து வரும் முதல் பீஸை நான் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை ஓடும். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லையென்றால் சிவப்புச் சீட்டு. நான் சிவப்புச் சீட்டு கட்டியதை மேனேஜரே வந்து கெஞ்சினாலும் அவிழ்க்க மாட்டேன். என்னைத் திமிர் பிடித்தவன் என்று சொல்வார்கள். திமிர் இல்லை, அளவு.

ஜெயராஜுக்கும் என் வயதுதான். அத்திப்பட்டுக்காரன். அவன் அப்பா அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளுகிற கான்ட்ராக்டில் இருந்தவர். அதற்கு முன்னால் அவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம்தான் இருந்தார்களாம். எங்கள் நிலத்துக்கு அறுப்புக்கும் கட்டு தூக்கவும் வருவார்கள், தன்னை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று வேறு ஏதோ பேச்சில் அப்பா ஒருமுறை சொன்னார். இதை நான் ஜெயராஜிடம் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. மூன்று வருடமாக பஜாருக்குப் பின்னால் ஒரே போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம், ஒரே குக்கரில் சோறு வைத்தோம். கூட இருப்பது யார் என்று ஊரில் கேட்டபோது மட்டும் கம்பெனிப் பையன், பேர் ராஜா என்று சொல்லிவைத்தேன். பெரியவர்களுக்கு எதற்கு வீண் கவலை?

அவன் என்னைச் சில நேரம் வரதா என்பான், சில நேரம் மச்சி என்பான். இந்தக் காலத்தில் எல்லாரும் எல்லாரையும் மச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. அவன் என் தங்கையைப் பார்த்ததுகூட இல்லை.

என்னிடம் கன்சோல், டிவியில் சொருகி விளையாடுகிற பெட்டி. அவனிடம் கம்ப்யூட்டர், ரிச்சி தெருவில் பழைய பாகங்களாகத் தேடித்தேடி வாங்கி அவனே பூட்டியது. இதுதான் எங்களுக்குள் இருந்த ஒரே வழக்கு. சிப்காட்டில் வேலை செய்கிற பையன்கள் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தோம். அதில் தினமும் இந்தப் பஞ்சாயத்துதான். கன்சோலை விளையாட்டுக்கென்றே செய்கிறார்கள், உள்ளே இருக்கிற ஒவ்வொரு சில்லும் அதற்காகவே வடித்தது, விளையாட்டில் வில்லை இழுத்தால் கையில் பிடித்த கண்ட்ரோலரின் பட்டன் விரலுக்குக் கீழே இறுகுகிறதே, அந்தச் சுகம் கம்ப்யூட்டரில் வருமா என்று நான் கேட்பேன். அந்தக் கண்ட்ரோலரை கம்ப்யூட்டரிலும் சொருகலாம் என்பான் ஜெயராஜ். கடைக்குப் போய் ஊருக்கே ஒரே அளவு செருப்பு வாங்குவதுதான் கன்சோல் என்று கிண்டல் செய்வான். நானும் சிரிப்பேன். நாஷ்டா சாப்பிடும்போது ஆரம்பித்தால் ஷிப்ட்டுக்குப் போகிற வழி முழுக்க அதுதான் பேச்சு.

ஆனால் போர்ட் விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்ததில்லை. கன்சோலுக்குச் செய்த விளையாட்டை கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவதற்குப் போர்ட் என்று பெயர். பாதிக்கு மேல் அரைகுறையாகத்தான் வரும். புதிதாக ஓர் இடத்துக்குள் நுழைந்தால் கம்ப்யூட்டர் அந்தக் காட்சியைத் தயார் செய்யத் திணறி ஒரு கணம் நின்றுவிட்டு ஓடும். ஸ்டட்டர் என்பார்கள். கத்தியைத் தூக்கும்போது நின்றுபோனால் எதிரி உன்னை வெட்டிவிட்டுப் போயிருப்பான். எனக்கு அதைப் பார்த்தாலே உடம்பு கூசும். ஓடுகிற லைனில் ரிஜெக்ட் பீஸ் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல இருக்கும்.

போன வருடம் ஒரு கத்திச்சண்டை விளையாட்டு வந்தது. அதன் பெயர் இந்த வழக்குக்கு வேண்டாம். கன்சோலில் அருமையாக இருந்தது, கம்ப்யூட்டர் போர்ட் நாறியது. நான் குரூப்பில் நீளமாக எழுதினேன், பிழைகளை இடம் வாரியாகப் போட்டேன். லோகு என்பவன் அதற்குக் கீழே விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மைகள் பதினொன்றை வரிசையாகப் போட்டான். லோகு எங்கள் ஊர்தான், எனக்குப் பங்காளி முறை, பக்கத்து இரும்பு மில்லில் வேலை. அவனும் கம்ப்யூட்டர் கட்சி.

அடுத்த ஞாயிறு மதியம் அவன் அறைக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தான். குடித்தேன். மவுஸை எந்தக் கையில் பிடிப்பாய் என்று கேட்டேன். வலது என்றான். அந்தக் கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இரும்புக் கதவின் கீல் பக்கத்து இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினேன். முதல் தடவை சரியாக விழவில்லை, இரண்டாம் தடவை விழுந்தது. அவன் கத்தியதால் பக்கத்து அறைக்காரர்களுக்குத் தொந்தரவு ஆகுமே என்று டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பிறகு நானேதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஷட்டர் விழுந்துவிட்டது என்று டாக்டரிடம் அவனே சொன்னான். கட்டைவிரலை நான் தொடவில்லை. நம்ம பையன், கண்ட்ரோலர் பிடிக்கவாவது அது வேண்டும். அதற்குப் பிறகு நான் குரூப்பில் எது போட்டாலும் முதல் ஆளாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவான். நாங்கள் இப்போதும் பேசிக்கொள்கிறோம். கேட்டுப் பாருங்கள், என்னைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டான்.

ஜெயராஜ் விஷயம் வேறு. அவன் கிண்டல் செய்வானே தவிர அளந்துதான் பேசுவான். அதனால் நானும் அளந்தேன். ஒருநாள் அவன் விளையாடிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று அவன் திரையை போனில் ஸ்லோமோஷனில் படம் பிடித்தேன். பதினொரு விநாடியில் மூன்று இடத்தில் நின்றது. குரூப்பில் போட்டேன். நாற்பது பேர் வரதன் சொன்னதுதான் சரி என்றார்கள். பஞ்சாயத்தில் தீர்ப்பு வந்த மாதிரி ஆகிவிட்டது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. என் கண்ணுக்கு அறுபது ஃபிரேமுக்குக் குறைந்து பார்த்துப் பழக்கமே இல்லை, அதனால்தான் கண்டுபிடித்தேன் என்றும் எழுதினேன்.

ஜெயராஜ் கோபப்படவில்லை. புதிதாக ஒரு பேட்ச் வந்திருக்கிறது, அதைப் போட்டால் சரியாகிவிடும் என்றான். வருகிற ஞாயிறு எங்கள் போர்ஷனில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டுவது, வருகிறவர்கள் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என்று முடிவானது. இருபது பேர் வருவதாகச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது அவன் என் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மூன்று வருடத்தில் அவன் என் கன்சோலைத் தொட்டதில்லை. தொடாதே என்று நானும் சொன்னதில்லை. அவனாகவே தொடாமல் இருந்தான். அன்று ஒயர் எட்டுமா என்று பார்ப்பதற்காக எடுத்திருக்கிறான்.

"வரதா, கோச்சிக்காத. ஒண்ணு சொல்லணும்," என்றான். "உன் டிவில மோஷன்னு ஒண்ணு கீது பாரு, அது ஆன்ல இருந்துச்சி. கேமும் குவாலிட்டி மோட்ல கீது. இத்தினி நாளா நீ முப்பதுலதான் ஆடிக்கினு இருந்திருக்க."

புரியும்படி எழுதுகிறேன். என் கன்சோல் விநாடிக்கு முப்பது படம்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. நடுவில் இல்லாத படங்களை டிவி தானாக இட்டுக்கட்டிச் சேர்த்து, வழுக்கிக்கொண்டு போவது போலக் காட்டியிருக்கிறது. இரண்டும் கடையிலிருந்து வந்தபோதே இருந்த அமைப்பு. நான் ஒரு நாளும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. அடுத்தவன் மெஷினை எல்லாம் அளந்தவன் என் மெஷினை அளக்கவில்லை.

அவன் சரியான அமைப்புக்கு மாற்றிவிட்டுக் கண்ட்ரோலரை என் கையில் கொடுத்தான். விளையாடிப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. கண்ட்ரோலரைக் கீழே வைத்தேன்.

அவன் எழுந்து வந்து என் தோளில் கையைப் போட்டான். "வுடு மச்சி. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஞாயித்துக்கெழம வர்றவனுங்களுக்கு இன்னா தெரியப் போவுது? உன்துதான் பெஸ்ட்டுன்னு நானே ஒத்துக்கிறேன். நீயே ஜெயிச்சிக்கோ, போ."

சொன்னால் சொன்னபடி நடப்பான். அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. இன்றுவரை அவன் யாரிடமும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் நீங்கள் என் இடத்தில் இருந்து யோசிக்க வேண்டும். தப்பான பீஸ் என்று தெரிந்தே பச்சைச் சீட்டு கட்டி அனுப்புவது என் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம். அவன் எனக்கு அப்படி ஒரு சீட்டு கட்டினான். அவன் பாஸ் போட்டு நான் ஓட வேண்டுமா? அன்று அவன்தான் சமையல். முட்டைக் குழம்பு. சாப்பிட்டேன், தட்டைக் கழுவி வைத்தேன், படுத்துத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை நான்காம் நம்பர் பிரஸ்ஸின் சென்சார் தகராறு செய்தது. மெஷினுக்குள் கை போனால் அதைத் தானாக நிறுத்துகிற சென்சார் அது. கை இல்லாதபோதும் நிறுத்திக்கொண்டிருந்தது. ஜெயராஜ் வந்து அதன் இணைப்பை எடுத்துவிட்டான். துளசிராமனை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினான். பின்பக்க ஒயரைப் பார்க்க வேண்டுமானால் தலையையும் தோளையும் தகட்டை அடிக்கிற மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவே நுழைத்துத்தான் ஆக வேண்டும்.

இங்கே எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உள்ளே தலையை விடுகிறவன் மெஷின் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் சாவி இல்லாமல் மேல் அச்சு இறங்காது. நடைமுறையில் எங்கள் ஷாப்பில் சாவியை குவாலிட்டி ஆளிடம் கொடுப்பார்கள். ரிப்பேர் முடிந்ததும் முதல் பீஸை அவன்தான் பார்க்க வேண்டும் என்பதால், சாவி கையில் இருந்தால் அவன் வேறு மெஷினுக்குப் போகாமல் அங்கேயே நிற்பான். நேரம் மிச்சம். எட்டு வருடமாக இப்படித்தான். ஒரு தடவைகூட ஒன்றும் ஆனதில்லை.

ஜெயராஜ் சாவியை என் கையில் கொடுத்தான். அச்சு இறங்காமல் தாங்குவதற்கு ஓர் இரும்புக் கட்டை உண்டு. அதை அவன் வைக்கவில்லை. சாவி வரதனிடம் இருக்கும்போது கட்டை எதற்கு என்று நினைத்திருப்பான். உள்ளே குனிந்தபடியே டெஸ்டர் கேட்டான், எடுத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு பிரியாணி சொல்லிவிடலாமா என்று கேட்டான். சொல்லிவிடு என்றேன்.

பிறகு சாவியைப் போட்டுத் திருப்பினேன்.

பிரஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பட்டன்கள் இருக்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இரண்டடி தூரம். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒவ்வொரு கையால் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். யார் கையும் உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். நான் இரண்டு கையையும் விரித்து அழுத்தினேன்.

அது நூற்று அறுபது டன் பிரஸ். இறங்கி ஏற ஒன்றரை விநாடி. அறுபது ஃபிரேம் கணக்கில் தொண்ணூறு ஃபிரேம். நான் கண்ணை மூடவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்தேன். எங்கேயும் திக்கவில்லை. மண்டை உடைகிற சத்தம் பக்கத்து மெஷின்கள் தகடு அடிக்கிற சத்தத்தில் தனியாகக் கேட்கவில்லை. வலது கால் தரையை இரண்டு மூன்று முறை உதைத்தது, ஷூ கழன்று என் முழங்காலில் பட்டது. துடிப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால் மறுபடியும் அழுத்தினேன். அதற்குப் பிறகு கால் அசையவில்லை. அச்சிலிருந்து ரத்தம் தகட்டெண்ணெயோடு கலந்து கீழே தட்டில் இறங்கியது.

சாவியை மெஷினிலேயே விட்டேன். மெஷினில் சிவப்புச் சீட்டு கட்டினேன், தேதியும் நேரமும் எழுதினேன். பிறகுதான் ஆள் கூப்பிட்டேன். துளசிராமன் டீக்கடையிலிருந்து ஓடி வந்து, அந்தக் கோலத்தைப் பார்த்து, அவனை வெளியே இழுக்கப் பார்த்தார். கையெல்லாம் ரத்தம். மேனேஜர் வந்தபோது மெஷினருகில் இருந்தவர் அவர்தான். சாவி ஆபரேட்டரிடம் இருந்தது என்று நான் சொன்னேன். வழக்கமாக யாரிடம் கொடுப்பார்கள் என்று மேனேஜர் கேட்கவில்லை. கேட்டால் அந்த வழக்கமே வெளியில் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

இப்போது ஏன் வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். துளசிராமனுக்காகவா என்றீர்கள். அவருக்கு இரண்டு பெண்கள், பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த அறிக்கையைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கைதவறி அழுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த மெஷினைக் கைதவறி அழுத்தவே முடியாது, சார். இரண்டு கையும் வேண்டும், மனசும் வேண்டும். அளவு தெரியாதவர்கள் எழுதிய அறிக்கையில் என் வேலை இன்னொருவர் பேரில் போவதை என்னால் தாங்க முடியவில்லை. ஜெயராஜைக் கொன்றது நான். தெரிந்து, திட்டமிட்டு, இரண்டு முறை அழுத்திக் கொன்றேன்.

பணத் தகராறா, பெண் விவகாரமா, சாதிப் பிரச்சினையா என்று ஏட்டையா ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. கடைசியாகச் சொன்னதை எழுதவே கூடாது. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்பதற்கு மூன்று வருடம் ஒரே போர்ஷனில் இருந்ததே சாட்சி. விளையாட்டைப் பற்றிய வாக்குவாதம் என்று மட்டும் போடுங்கள்.

அடக்கத்துக்கு நான் அத்திப்பட்டு போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. பெட்டியை மூடி வைத்திருந்தார்கள். அவன் தங்கை மோனிகா அதன்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தாள். அவன் அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்திருந்தார்கள். நான் உள்ளே வருவதைப் பார்த்ததும் பிடித்திருந்த கைகளை விலக்கிவிட்டு, நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆரணி நைனா ஊட்டுப் புள்ளையா? நீங்க எதுக்குங்க இவ்ளோ தூரம் வந்தீங்க, உக்காருங்க," என்றார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார். திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் இறங்கியது. மூன்று வருடத்தில் ஜெயராஜ் என்னைப் பார்த்து ஒரு முறைகூட எழுந்து நின்றதில்லை.